பதிவேட்டில் உள்ள பெயர்களும் கூட்டத்திற்கு வரும் பெண்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் கல்வியாளர்களுக்கான சங்கங்களின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டங்களைப் பற்றியும், புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்பதைப் பற்றியும் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றில் தவறாமல் இடம்பெறும் ஒரு விவரம், சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை. சென்ற ஆண்டைவிட இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று தலைவர் பெருமையுடன் அறிவித்ததாகச் செய்தி முடியும். அந்த எண்ணிக்கையை நானும் ஒரு காலத்தில் மேடையில் நின்று அதே பெருமையுடன் படித்தவள் என்பதால், அதைப் பற்றிச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களிடம், குறிப்பாக இத்தகைய சங்கங்களை நடத்திவரும் சகோதரிகளிடம், பகிர்ந்துகொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மழலையர் பள்ளி முதல் கல்லூரி வரை கற்பிக்கும் பெண்களுக்கான சங்கம் ஒன்றில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்து, செயலாளராகவும் பின்னர் தலைவராகவும் இருந்து, இப்போது மீண்டும் சாதாரண உறுப்பினராகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் திடமாக நம்பத் தொடங்கியிருப்பது ஒன்றுதான். சேர்க்கை விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் ஒரு பெண் நம் உறுப்பினராகி விடுவதில்லை. சேர்ந்த முதல் ஆண்டுக்குள் அவர் கையில் சங்கம் எதை ஒப்படைக்கிறது என்பதே அவர் இருப்பாரா, போவாரா என்பதை முடிவு செய்கிறது. சங்கத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் நாம் இந்த முதல் ஆண்டைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே பேசுவதில்லை.

செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், எனக்கு முன்பிருந்தவர் ஒரு துணிப்பையில் ரசீதுப் புத்தகங்களையும் தீர்மானப் புத்தகத்தையும் உறுப்பினர் பதிவேட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். பதிவேட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. மாதக் கூட்டத்திற்கு வந்துகொண்டிருந்தவர்களோ நாற்பதைத் தாண்டியதில்லை. நானும் இணைச் செயலாளரும் ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து, பதிவேட்டில் இருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் தொலைபேசியில் பேசினோம். சிலர் காலமாகியிருந்தார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் அடிக்கப்படவில்லை. சிலர் ஊர் மாறியிருந்தார்கள். "அப்படியா, நான் இன்னும் உறுப்பினராகவா இருக்கிறேன்?" என்று வியந்தவர்கள் பலர். கோபத்தோடு விலகியவர்கள் மிகச் சிலரே என்பதுதான் எங்களை அதிகம் வருத்தியது. பெரும்பாலோர் எதற்காகவும் மனத்தாங்கல் கொள்ளவில்லை. இரண்டு மூன்று கூட்டங்களுக்கு வந்திருக்கிறார்கள். பிறகு ஒரு மாதம் வர முடியாமல் போயிருக்கிறது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. விலகியவர்களின் பெயர்களுக்கு எதிரே சேர்ந்த தேதியையும் கடைசியாக வந்த கூட்டத்தின் தேதியையும் குறித்துப் பார்த்தபோது, மிகப் பலருக்கு இடைவெளி ஓராண்டுக்குள் அடங்கிவிட்டது.

ஆயுள் சந்தா என்ற ஏற்பாடு இந்த நோயை இன்னும் மறைத்துவிடுகிறது. ஒரே தவணையில் பணம் வந்துவிடுவதால் பொருளாளருக்கு வசதி. ஆனால் ஆண்டுதோறும் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு பெண்ணிடம் பேச வேண்டிய வாய்ப்பும் அத்தோடு போய்விடுகிறது. அவர் இருக்கிறாரா, விலகிவிட்டாரா என்று அறிய வேறு வழி இல்லை. இதன் விளைவைப் பொதுக்குழுவில்தான் காணலாம். குறைந்தபட்ச வருகையை மொத்த உறுப்பினர்களில் இத்தனை பங்கு என்று விதிகளில் எழுதி வைத்திருப்போம். மொத்தத்தில் பாதிப் பேர் பெயரளவில் மட்டுமே இருப்பதால் அந்த வருகை ஒருபோதும் நிறைவேறாது. கூட்டத்தை அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே நாற்பது பேரோடு மீண்டும் கூட்டி, தீர்மானங்களை நிறைவேற்றுவோம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் அப்படி ஒத்திவைத்துக் கூட்ட வேண்டியிருக்கும் சங்கம், தன் பதிவேட்டைத் தானே நம்பவில்லை என்றுதான் பொருள்.

அந்தத் தொலைபேசி உரையாடல்களில் ஒன்றை நான் இன்னும் மறக்கவில்லை. தொடக்கப் பள்ளியில் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு பெண் எங்கள் கூட்டங்களுக்கு மூன்று முறை வந்திருந்தார். எனக்கு அவரை நினைவிருந்ததற்குக் காரணம், மூன்று முறையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் விடைத்தாள் கட்டை வைத்துக்கொண்டு, மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது சிவப்புப் பேனாவால் மெதுவாகத் திருத்திக்கொண்டிருந்தார். ஒழுங்கு குறைவு என்று அப்போது எனக்குச் சற்று எரிச்சலும் ஏற்பட்டது. தொலைபேசியில் ஏன் வருவதில்லை என்று கேட்டபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க டீச்சர். நான் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே எதுவும் மாறப் போறதில்லை. விடைத்தாளாவது திருத்தினா காலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்." எங்கள் கூட்டத்தில் அவருக்கு இருந்த ஒரே பயன், உட்கார்ந்து விடைத்தாள் திருத்த ஒரு நாற்காலி. அதைவிடப் பயனுள்ள எதையும் நாங்கள் அவருக்குத் தரவில்லை. அவரிடமிருந்து எதையும் கேட்கவும் இல்லை.

பெண் கல்வியாளர் சங்கங்களின் வரலாற்றைப் பிறகு நான் தேடிப் படித்தபோது, தொடக்க காலத்தில் வேரூன்றிய அமைப்புகள் உறுப்பினரிடம் வேலையைக் கேட்டுத்தான் வளர்ந்தன என்பதைக் கண்டேன். 1881ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கல்லூரிப் படிப்பு முடித்த 17 பெண்கள் கூடினார்கள். மாரியன் டால்பாட்டும், வேதியியல் கற்பித்த எல்லன் ரிச்சர்ட்ஸும் அவர்களில் முதன்மையானவர்கள். உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுத்துவிடும் என்று ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் 1873இல் எழுதியிருந்தது அன்று பரவலாக நம்பப்பட்டது. அதற்குக் கண்டனத் தீர்மானம் போட்டிருக்கலாம். அவர்கள் கேள்வித்தாள் தயாரித்துப் பட்டம் பெற்ற பெண்களுக்கு அனுப்பி, 705 பேரின் பதில்களைத் திரட்டி, அப்பெண்களின் உடல்நலம் படிப்பால் கெடவில்லை என்று 1885இல் அறிக்கை வெளியிட்டார்கள். கேள்வித்தாளை அனுப்பியவருக்கும் வேலை, நிரப்பி அனுப்பியவருக்கும் வேலை. பல்கலைக்கழகப் பெண்களுக்கான அமெரிக்கச் சங்கமாக இன்றும் அந்த அமைப்பு இயங்கி வருகிறது.

இதைப் படித்த தெம்பில், எங்கள் செயற்குழுவில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். சேர்ந்த மூன்று மாதத்திற்குள் ஒவ்வொரு புதிய உறுப்பினரிடமும் ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு முடிவுத் தேதி இருக்க வேண்டும். முடிந்ததை அவரே கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும். விடைத்தாள் திருத்திய அந்தப் பெண்ணைத்தான் முதலில் மீண்டும் அழைத்தோம். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் எந்த நாள் மிகக் கடினமாக இருந்தது, அன்று யார் உதவினார்கள் என்ற இரண்டே கேள்விகளை எங்கள் மூத்த உறுப்பினர்களிடம் கேட்டு எழுதி வரும்படி அவரிடம் சொன்னோம். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளான ஒரு பேராசிரியை, வகுப்பறை வாசல்வரை வந்து உள்ளே நுழையப் பயந்து திரும்பிப்போன தன் முதல் நாளை அவரிடம்தான் முதன்முறையாகச் சொன்னாராம். நான்கு மாதத்தில் அந்த நோட்டு நிரம்பியது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த பகுதிகளைத் தட்டச்சு செய்து, புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியைகளுக்கு ஒரு சிறு கையேடாகக் கொடுக்கத் தொடங்கினோம். அந்தக் கையேட்டைக் கேட்டு வந்து, அப்படியே உறுப்பினராகச் சேர்ந்தவர்கள், நாங்கள் நடத்திய எந்தச் சேர்க்கை முகாமில் சேர்ந்தவர்களையும்விட அதிகம். அந்தப் பெண் பிறகு ஒரு கிளையின் செயலாளரானார்.

எல்லா வேலையும் வேலையாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இளையவர்களுக்குப் பொறுப்பு கொடுத்திருக்கிறோம் என்று பல சங்கங்களில் சொல்வார்கள். என்ன பொறுப்பு என்று கேட்டால், வரவேற்பு மேசையில் நிற்பது, விருந்தினருக்குப் பூங்கொத்து நீட்டுவது, நன்றியுரை படிப்பது, வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழைப் போடுவது. இவை தேவையான பணிகள்தான். யாராவது செய்தாக வேண்டும். ஆனால் இவற்றைச் செய்யும்போது ஒரு பெண் எதைப் பற்றியும் முடிவெடுப்பதில்லை. பயிற்சிப் பட்டறைக்கு எந்தத் தலைப்பு, யாரை அழைப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பதை ஒருமுறையாவது அவரே முடிவு செய்யும்போதுதான், இது என் சங்கம் என்ற எண்ணம் அவருக்கு வருகிறது. அவர் எடுக்கும் முடிவு ஒருமுறை தவறிப் போகலாம். நம் பயிற்சிப் பட்டறைகளும் எத்தனையோ தவறிப் போயிருக்கின்றன.

கூட்டம் நடக்கும் நேரமும் சந்தாவின் அளவும் சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். அவை சிறியவை அல்ல. பள்ளி விட்ட பிறகு மாலையில் கூட்டம் வைத்தால், கைக்குழந்தை உள்ளவர்களும் வீட்டில் முதியவர்களைக் கவனிக்க வேண்டியவர்களும் வர இயலாது. நாங்கள் கூட்டங்களைப் பாதி இணையவழியாகவும் பாதி நேரிலும் நடத்தத் தொடங்கினோம். ஐந்து மணிக்கு முடியும் என்று சொன்ன கூட்டத்தை ஐந்து மணிக்கே முடித்தோம். பேசுகிறவர் யாராக இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. குழந்தைகளை அழைத்து வரலாம் என்று அழைப்பிதழிலேயே எழுதினோம். சந்தாவைப் பொறுத்தவரை, பயிற்சி மாணவிகளுக்கும் பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களுக்கும் குறைந்த கட்டணம், மூத்தவர்களுக்கு முழுக் கட்டணம் என்று பிரித்தோம். இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நான் அதை ஏற்கவில்லை. சிறு தொகையானாலும் தன் பணத்தைக் கொடுத்தவர், அது எங்கே போனது என்று கேட்கும் உரிமையுடன் வருகிறார். அந்தக் கேள்வி சங்கத்துக்கு நல்லது.

எங்களைப் போல் மழலையர் பள்ளி ஆசிரியை முதல் பல்கலைக்கழகப் பேராசிரியை வரை ஒரே கூரையின் கீழ் சேர்க்கும் சங்கங்களில் வெளியே தெரியாத இன்னொரு தடை உண்டு. கல்லூரியில் கற்பிப்பவர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். பேசவும் அவர்களே பேசுவார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் பெண், தான் சொல்வது அற்பமாகப் படுமோ என்று வாய் திறக்கமாட்டார். எங்கள் சங்கத்தின் முதல் எட்டுத் தலைவர்களில் ஒருவர்கூடத் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவர் இல்லை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அதனால்தான் யாருக்கும் அது குறையாகப் படவும் இல்லை. பிறகு விதிகளைத் திருத்தி, செயற்குழுவில் ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது இரண்டு இடங்கள் என்று வைத்தோம். கூட்டத்தில் முதலில் பேசும் வாய்ப்பைச் சுழற்சி முறையில் கொடுத்தோம். மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர், பேசத் தாமதமாகும் குழந்தைகளை எப்படி அடையாளம் காண்பது என்று இருபது நிமிடம் பேசிய கூட்டத்தில், கல்வியியல் பேராசிரியைகள் குறிப்பெடுத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இனி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். விதிகளின்படி தலைவர் தொடர்ந்து இரண்டு பதவிக்காலங்களுக்கு மேல் இருக்கக்கூடாது. என் இரண்டாவது காலம் முடியும் நேரத்தில், "உங்களைவிட்டால் ஆளில்லை, இந்த ஒரு முறை மட்டும்" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பொதுக்குழுவில் விதியைத் தளர்த்தித் தீர்மானம் போட்டார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். சங்கத்தின் மீதிருந்த அன்பினால்தான் ஒப்புக்கொண்டேன் என்று அன்று உண்மையாகவே நம்பினேன். அந்த மூன்றாவது காலத்தில் எங்கள் சங்கம் ஓர் அடிகூட முன்னேறவில்லை. வங்கிக்கு நான்தான் போக வேண்டும், கல்வி அலுவலரிடம் நான்தான் பேச வேண்டும், கிளைகளுக்குள் மனவருத்தம் என்றால் நான்தான் தீர்க்க வேண்டும் என்ற நிலை. துணைத் தலைவராக இருந்த பெண், என்னைவிடத் திறமையானவர், அந்த ஆண்டுகளில்தான் மெல்ல ஒதுங்கிப்போனார். ஆளில்லை என்று சொன்னோமே, ஆள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஆறு ஆண்டுகளில் நான் அவரை ஒருமுறைகூட ஒரு கூட்டத்தைத் தலைமை தாங்கி நடத்த விட்டதில்லை. அவர் தயாராகாமல் போனதற்கு நானே காரணம் என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவர் சங்கத்துக்குத் திரும்பவில்லை.

அதன்பின் எங்கள் சங்கம் கடைப்பிடிக்கும் முறையைப் பிற சங்கங்களும் பின்பற்றலாம் என்று பரிந்துரைக்கிறேன். தலைவர் பதவியேற்கும் நாளிலேயே, அடுத்த தலைவராக வரக்கூடிய இருவரைச் செயற்குழு அடையாளம் காண்கிறது. ஆண்டில் பாதிக் கூட்டங்களை அவர்கள்தான் நடத்துகிறார்கள்; தலைவர் சபையில் உட்கார்ந்திருப்பார். இறுதித் தேர்வு பொதுக்குழுவின் கையில்தான். வேறு யாரும் போட்டியிடவும் தடையில்லை. பொறுப்பு கைமாறும்போது துணிப்பையோடு நிறுத்திவிடாமல், பதவி விலகுபவர் மூன்று மாதங்கள் உடனிருந்து ஒவ்வொன்றாக ஒப்படைக்கிறார். வங்கிக் கையெழுத்து மாற்றம், பதிவுப் புதுப்பிப்புத் தேதி, தணிக்கையாளரின் முகவரி, யாரிடம் எதைப் பேசினால் காரியம் நடக்கும் என்ற எழுதப்படாத செய்திகள் எல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்படுகின்றன. மூன்று மாதம் முடிந்ததும் அவர் செயற்குழுவை விட்டு முழுமையாக விலகிவிட வேண்டும். 'நிரந்தர ஆலோசகர்' என்ற பதவியை உருவாக்கும் யோசனையை நாங்கள் இருமுறை நிராகரித்திருக்கிறோம். இரண்டாவது முறை அந்தப் பதவி எனக்காகத்தான் முன்மொழியப்பட்டது.

பெண்களுக்கென்று தனியாக ஏன் ஒரு கல்வியாளர் சங்கம் வேண்டும், பொதுவான ஆசிரியர் அமைப்புகள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஊதியத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் போராடப் பொதுவான அமைப்புகள் வேண்டும். எங்கள் உறுப்பினர்களில் பலர் அவற்றிலும் இருக்கிறார்கள். ஆனால் உலகெங்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்களாக இருந்தும், மேலே செல்லச் செல்ல, முடிவெடுக்கும் நாற்காலிகளில் பெண்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அமெரிக்காவில் 1857இல் தோன்றிய தேசிய அளவிலான ஆசிரியர் அமைப்பில் 1866 வரை பெண்கள் முழு உறுப்பினராகவே முடியவில்லை. எல்லா ஃபிளாக் யங் என்ற கல்வியாளர் அதன் முதல் பெண் தலைவரானது 1910இல்தான். டெக்சாஸில் 1918இல் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளராகத் தேர்தலில் வென்ற ஆனி வெப் பிளான்டன், அம்மாநிலம் தழுவிய பதவி ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். அவ்வளவு உயரம் போனவரே, 1929 மே மாதத்தில் ஆஸ்டின் நகரில் வேறு பதினொரு பெண்களைச் சேர்த்துக்கொண்டு டெல்டா கப்பா காமா என்ற சங்கத்தைத் தொடங்கினார். அந்த 12 பேரில் தொடங்கியது பல நாடுகளுக்குப் பரவியது. ஒரு பெண் தனியாக மேலே போய்விட்டால் போதாது, பின்னால் வருபவர்கள் தலைமை தாங்கிப் பழக ஓரிடம் வேண்டும் என்று அவர் கண்டிருக்க வேண்டும் என்றே நான் எண்ணுகிறேன். தீர்மானம் எழுத, வரவு செலவைப் படித்துக்காட்ட, மாற்றுக் கருத்தைக் கோபமில்லாமல் எதிர்கொள்ள, தேர்தலில் தோற்றுவிட்டு மறு மாதமே கூட்டத்துக்கு வர, இவையெல்லாம் பழகினால்தான் வரும்.

பிரிட்டனில் சம ஊதியத்துக்காக 1904இல் ஆசிரியர் சங்கத்துக்குள்ளேயே சிறு குழுவாகத் தொடங்கி, 1920இல் தனியாகப் பிரிந்த பெண் ஆசிரியர்களின் தேசியச் சங்கத்தையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆண்களுக்கு நிகரான ஊதியம் பெண் ஆசிரியர்களுக்கு முழுமையாக நடைமுறைக்கு வந்த 1961இல், நோக்கம் நிறைவேறிவிட்டது என்று அந்தச் சங்கம் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. எதற்காக இருக்கிறோம் என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்த ஓர் அமைப்பின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு. நம் சங்கங்களில் புதிதாகச் சேரும் பெண்ணிடம், இந்தச் சங்கம் எதற்காக இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல நம்மில் எத்தனை பொறுப்பாளர்களால் முடியும் என்று யோசிக்க வேண்டும். எங்கள் செயற்குழுவில் ஒருநாள் ஆளுக்கொரு தாளில் எழுதச் சொன்னோம். பதினைந்து பேர் பதினைந்து விதமாக எழுதினார்கள். அதைச் சரிசெய்ய எங்களுக்கு இரண்டு கூட்டங்கள் பிடித்தன.

கிளைகளைப் பெருக்குவதில் அவசரம் கூடாது என்பது என் கருத்து. ஓர் ஊரில் பத்துப் பேர் சேர்ந்ததுமே பெயர்ப்பலகை வைத்துத் தொடக்க விழா நடத்திவிடுகிறோம். ஓராண்டு அவர்களைத் தாய்ச்சங்கக் கூட்டங்களுக்கு வரவைத்து, ஒரு பணியையாவது தாங்களே முடித்துக் காட்டிய பிறகு கிளையாக அங்கீகரிப்பதே நல்லது. கிளைக்கும் தலைமைக்கும் சந்தாவில் எவ்வளவு பங்கு என்பதை முதல் நாளே எழுத்தில் வைக்க வேண்டும். நான் பார்த்த பிளவுகள் எல்லாம் பணத்தின் அளவினால் வந்தவை அல்ல, கணக்குச் சொல்லப்படாததால் வந்தவை. தணிக்கை முடிந்த ஆண்டறிக்கைக்காகக் காத்திராமல், ஒவ்வொரு மாதமும் கூட்டத்தின் தொடக்கத்திலேயே பொருளாளர் வரவையும் செலவையும் மீதியையும் படிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஆகும்.

என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு நேரம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. அந்தத் தனிமை காரணமாகவே சங்கத்தை இறுகப் பற்றிக்கொள்கிறோம் என்பதை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களை ஒதுக்கிவிட்டால் சங்கம் நினைவை இழந்துவிடும். எங்களிடமே விட்டுவிட்டால் எதிர்காலத்தை இழந்துவிடும். எங்கள் சங்கத்தில் இப்போது ஒவ்வொரு புதிய உறுப்பினருக்கும் ஓய்வு பெற்ற ஒருவர் துணையாக நியமிக்கப்படுகிறார். அவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேச வேண்டும். கூட்டத்துக்கு வராவிட்டால் அடுத்த நாளே ஏன் என்று விசாரிக்க வேண்டும். அறிவுரை கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவதுதான் எங்களுக்குக் கடினமாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெண் கல்வியாளர் சங்கங்களின் கூட்டங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, மொத்த உறுப்பினர் எண்ணிக்கையுடன், சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் சந்தா செலுத்தியிருக்கிறார்கள் என்றும் தங்கள் செய்தியாளர்கள் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று தெரிந்தால், பல சங்கங்களின் பொறுப்பாளர்கள் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு தொலைபேசியைக் கையில் எடுப்பார்கள். எங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் அந்த எண்ணை மேடையிலேயே அறிவிக்கப் போகிறார்கள். அதை அறிவிக்கப் போகும் புதிய செயலாளர், தொடக்கப் பள்ளி ஆசிரியை. சங்கத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆகின்றன.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
பெண் கல்வியாளர் சங்கம் ஒன்றின் முன்னாள் தலைவர்